வைக்கோற்கட்டுச் சுவரும் பூச்சுக்கான முன்னேற்பாடும்: திருவண்ணாமலை வட்டாரச் சூழலில் ஒரு விளக்கம்

திருவண்ணாமலை வட்டாரச் சிற்றூர்களில் மண்சுவர் பூசுவோர் செம்மண்ணில் வைக்கோலை நறுக்கியிட்டு, நீர்விட்டு மிதித்துச் சில நாள்கள் ஊறவைப்பர். பூச்சு காயும்போது வெடிக்காமல் வைக்கோல் இழுத்துப் பிடிக்கிறது. இங்கு மண் முதன்மை, வைக்கோல் துணை. இந்நிலையைத் தலைகீழாக்கியதே வைக்கோற்கட்டுச் சுவர். மரம் அரிதான அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறை தோன்றியது.

தமிழக வயல்களில் எந்திரம் சுற்றித் தருவது பெரும்பாலும் உருளைக் கட்டாகும். தீவனத்திற்கு அது போதும். செங்கல்போல் அடுக்குவதற்குச் செவ்வகக் கட்டே வேண்டும். கட்டின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும்.

தொடக்கக் காலத்தில் கட்டுகளின் நடுவே மரமுளைகளையோ இரும்புக் கம்பிகளையோ அடித்து இறக்கினர். குளிர்ந்த கம்பியில் நீர் கோப்பதால், சுவரின் இருபுறமும் மூங்கிற் கழிகளை நிறுத்திக் கயிற்றால் ஊடுருவிக் கட்டும் முறை பின்னர் விரும்பப்பட்டது. கூரைச் சுமை ஏறியதும் சுவர் அமுங்கும். அது அமுங்கி முடியும் முன் பூசினால் எந்தப் பூச்சும் நில்லாது.

அடுத்துத் துருத்தும் தாள்களைக் கத்தரித்து, இடுக்குகளைச் சேற்றில் தோய்த்த வைக்கோலால் அடைக்க வேண்டும். மரச்சட்டத்தில் மண் ஒட்டாது. ஆதலால் நிலை, சன்னல் ஓரங்களில் சாக்குத்துணியோ வலையோ பரப்ப வேண்டும். இருபுற வலைகளையும் நீண்ட ஊசியால் சுவரினூடே தைத்தபின், கூழ்போன்ற களிமண் கரைசலை வைக்கோலுக்குள் அழுத்தித் தேய்க்க வேண்டும். மெய்யான பிடிப்பு இக்கரைசலால்தான் வருகிறது. அவசரத்தில் விடுபடுவதும் பெரும்பாலும் இதுவே. இவ்வாறு இணைந்த இரு பூச்சுத் தோல்களே சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. பூச்சை வெறும் ஒப்பனையாகக் கருதுவது பிழை.

2005 நிலநடுக்கத்திற்குப் பின் பாகிஸ்தானின் வடபகுதிக்கென வடிவமைக்கப்பட்ட வைக்கோற்கட்டு வீடொன்று, 2009இல் ரீனோவிலுள்ள நெவாடா பல்கலைக்கழக அதிர்வு மேடையில் சோதிக்கப்பட்டது. மண்பூச்சுக்கு அடியில் அவ்வீட்டில் இருந்தது நைலான் மீன்வலை. வீடு இடிந்து விழவில்லை.

சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துவதால் மண்ணோ சுண்ணாம்போ ஏற்றது. தை, மாசியில் அறுவடையாகும் சம்பா வைக்கோலைக் கொண்டு கோடையில் சுவர் எழுப்பலாம். கடும் வெயிலில் பூச்சு விரைந்து காய்ந்து வெடிக்குமாதலால் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் வெளிப்பூச்சு முழுதும் உலர்ந்திருக்க வேண்டும்.