சாலையோர மரமும் சற்றே நிற்கும் மனமும்

ஐந்து வெள்ளி நோட்டைப் பின்பக்கம் திருப்பினால் ஒரு மரம் தெரியும். அதன் கிளை ஒன்று தரையை ஒட்டி நீண்டு கிடக்கும். அது கற்பனையில் வரைந்த மரம் இல்லை. சிங்கப்பூர்ப் பூமலையில் இன்றும் நிற்கும் தெம்புசு மரம். 1859ல் பூமலை உருவாவதற்கு முன்பிருந்தே அது அங்கு இருப்பதாகக் கருதப்படுகிறது. கோப்பிக்கடையிலும் ஈரச்சந்தையிலும் அந்த நோட்டை நூறுமுறை கைமாற்றியவர்களிலும் அதில் மரம் இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். இப்போது கைப்பேசியிலேயே பணம் செலுத்திவிடுகிறோம். நோட்டைப் பார்க்கும் வாய்ப்பும் அருகிவிட்டது.

அன்றாட அழகு என்பது பெரும்பாலும் இப்படித்தான். கையிலேயே இருக்கும், கண்ணில் படாது.

இதற்கு மனிதர்களின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. மாறாமல் இருக்கும் எதையும் மூளை சிறிது நேரத்தில் ஒதுக்கிவைத்துவிடுகிறது. மின்விசிறியின் இரைச்சல் பத்து நிமிடத்தில் காதில் விழாமல் போவது அதனால்தான். கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. புதிதாக வருவதற்கும் ஆபத்தாகத் தெரிவதற்குமே மூளை அதை முதலில் செலவிடுகிறது. காட்டில் வாழ்ந்த முன்னோருக்கு இந்தப் பழக்கம் உயிர்காத்தது. அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கு இதன் விலை வேறு. புது வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதம் சன்னலோரம் நின்று ரசித்த காட்சி, ஓராண்டில் வெறும் சன்னலாகிவிடுகிறது. மேலாளரின் கடுகடுப்பான குறுஞ்செய்தி மட்டும் மூன்று நாளானாலும் பழகுவதில்லை. மாலையில் “இன்று எப்படிப் போனது?” என்று யாராவது கேட்டால் ரயில் தாமதமும் அந்தக் குறுஞ்செய்தியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

ஆகவே அழகைக் கவனிப்பது தானாக நடந்துவிடாது. கொஞ்சம் முயற்சி எடுத்துச் செய்யவேண்டிய காரியம் அது. அந்த முயற்சிக்குப் பலன் உண்டா என்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தம்படங்கள் சொன்ன கதை

அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984ல் வெளியிட்ட ஆய்வு இன்றளவும் பேசப்படுகிறது. பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார. அவர்களில் பாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஈசூனில் 2010ல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனைக்குச் சென்றவர்கள் அங்குள்ள செடிகொடிகளையும் நீர்நிலையையும் மறந்திருக்க மாட்டார்கள். நோயாளியின் கண்ணுக்கும் பராமரிப்பு தேவை என்ற எண்ணம் அந்தக் கட்டட அமைப்பிலேயே இருக்கிறது.

நன்றியுணர்வு பற்றி ராபர்ட் எமன்ஸ், மைக்கல் மெக்கல்லோ இருவரும் 2003ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் ஒரு குழுவினர் வாரந்தோறும் தாங்கள் நன்றி பாராட்டும் ஐந்து விஷயங்களை எழுதினர். மற்றொரு குழுவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினர். பத்து வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோது, தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தவர்கள் முதல் குழுவினர்தான்.

இவற்றைக் காட்டிலும் சுவையானது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வு. அறுபது வயதைக் கடந்த 52 பேர் அதில் பங்கேற்றனர். எட்டு வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை 15 நிமிடம் நடப்பது எல்லாருக்கும் பொது. பாதிப் பேரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொல்லப்பட்டது: முதன்முறை பார்ப்பதுபோல் சுற்றிலும் பாருங்கள், வியக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நடையின்போது எல்லாரும் தம்படம் எடுத்து அனுப்பினர்.

வாரங்கள் செல்லச் செல்ல, வியந்து நடந்தவர்களின் தம்படங்களில் அவர்களுடைய உருவம் சிறிதாகிக்கொண்டே வந்தது. பின்னாலிருந்த காட்சி படத்தில் அதிக இடம் பிடித்தது. முகத்தில் புன்னகை விரிந்திருந்தது. அன்றாட மன உளைச்சலும் அவர்களிடம் படிப்படியாகக் குறைந்தது. மற்றக் குழுவினரின் நினைப்பு பெரும்பாலும் தங்களைப் பற்றியதாகவே இருந்தது. ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மனமாற்றம், படத்தில் தலையின் அளவாகப் பதிவாகியிருப்பது சுவாரசியமான செய்தி. மனம் அமைதியடையும்போது என்ன நிகழ்கிறது என்பதையும் அது காட்டுகிறது. ‘நான், என் வேலை, என் கடன்’ என்று தன்னையே சுற்றிக்கொண்டிருந்த நினைப்பு, சற்று நேரம் வேறொன்றின் மீது போய் உட்காருகிறது.

பெயர் தெரிந்தால் கண்ணுக்கும் தெரியும்

“எல்லாம் மரம்தானே” என்று நினைப்பவருக்கு எந்த மரமும் தெரிவதில்லை. பெயர் தெரிந்த மரம் கூட்டத்தில் தெரிந்த முகத்தைப்போலத் தனித்துத் தெரியும்.

இந்த வகையில் தமிழர்கள் கொடுத்துவைத்தவர்கள். பூ ஒன்றுக்கே அதன் பருவத்தைப் பொறுத்து அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பெயர்கள் இருக்கின்றன. உதிரும் பூவுக்கும் வாடிய பூவுக்கும்கூடத் தனிச் சொல் வைத்திருந்தவர்கள், அவற்றையும் நின்று பார்த்திருக்கவேண்டும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குவதைப் பள்ளியில் மனப்பாடமாகப் படித்துச் சலித்தவர்கள் உண்டு. தேர்வுத் தாளிலிருந்து விடுபட்டபின் அது வேறுவிதமாகத் தெரியக்கூடும்.

நாளின் சிறு பொழுதுகளுக்கும் பெயர் உண்டு. நெய்தல் திணைக்குரிய பொழுது எற்பாடு. ‘எல்’ என்றால் சூரியன், ‘பாடு’ என்றால் சாய்தல். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு மறைகிறது. அதற்கு அரைமணி நேரம் முன்பு, மேற்கு பார்த்த வீவக புளோக்குகளின் வெள்ளைச் சுவர்களில் மஞ்சள் ஒளி படரும். எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் நேரமும் பெரும்பாலும் அதுவே. அந்த ஒளிக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தபின், தலைநிமிராமல் நடப்பது கொஞ்சம் கடினம்.

இனி மரங்கள். கிழக்குக் கரை விரைவுச்சாலையின் இருமருங்கிலும் குடைவிரித்து நிற்பவை தூங்குமூஞ்சி மரங்கள். இவற்றின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். மாலையிலும் மேகமூட்டத்திலும் இலைகள் மடிந்துகொள்ளும். மலாய்க்காரர்கள் இதற்கு ‘புக்குல் லிமா’, அதாவது ஐந்து மணி மரம், என்று பெயரிட்டனர். இன்றைய கடிகாரப்படி ஐந்து மணிக்கு இலை மடிகிறதா என்று பார்த்தால் ஏமாறலாம். சிங்கப்பூரின் கடிகாரம் 1982ல் அரைமணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டது. மரத்துக்கு அது தெரியாது.

வறண்ட நாள்களை அடுத்துப் பெருமழை பெய்தால் டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்துக் குலுங்கும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலும் இதைக் காணலாம். ‘சிங்கப்பூர் சக்குரா’ என்று படமெடுக்கக் கூட்டம் கூடுவது இதற்குத்தான். தெம்புசு பூப்பதைக் கண்ணைவிட மூக்கு முதலில் அறியும். அந்திக்குப் பிறகு அதன் வாசம் நடைபாதை வரை வரும்.

குயிலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே அது கூவத் தொடங்கிவிடுகிறது என்று தூக்கம் கெட்டவர்கள் புகார் சொல்கிறார்கள். கவிதையில் கேட்கும் குயில் வேறு, படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே கூவும் குயில் வேறு.

நேரம் எங்கே இருக்கிறது?

மறதிநோயால் பாதிக்கப்பட்ட தாயாரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் ஒரு மகளை எண்ணிப் பார்ப்போம். அவரிடம் பூமலைக்குப் போய் வாருங்கள் என்று சொல்வது, ஓய்வெடுங்கள் என்று மருத்துவர் சொல்வதைப்போலத்தான். சொல்வது எளிது. இரவு நேர வேலை முடிந்து காலையில் வீடு திரும்பும் பாதுகாவல் அதிகாரிக்கும் இதே நிலைதான்.

இதற்கென்று தனி நேரம் ஒதுக்கவேண்டும் என்று தொடங்கினால் ஒரு வாரத்தில் நின்றுபோகும். ஏற்கெனவே காத்திருக்கும் நேரத்தைப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும். மின்தூக்கி வரும்வரை, பேருந்து வரும்வரை, சோறு வேகும்வரை. மூங்கில் கழியில் துணியைக் கோத்து வெளியே நீட்டும்போது, எதிர் புளோக்கின் தாழ்வாரத் தொட்டியில் கறிவேப்பிலை துளிர்த்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு வீட்டு வாசலில் மட்டும் அரிசிமாவில் நாலு புள்ளிக் கோலம் இருக்கும். நாளுக்கு ஒன்று போதும். கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது. படம் எடுத்ததும் பார்த்துவிட்டதாக மனம் கணக்கு வைத்துவிடும்.

இரவில் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்று எழுதினால் நான்காம் நாள் எழுத ஒன்றுமிருக்காது. ‘மூன்றாம் மாடிப் பாட்டி மின்தூக்கியைப் பிடித்து வைத்திருந்தார்’ என்று எழுதினால் மறுநாளும் ஏதாவது கிடைக்கும்.

அழகுக்குப் பின்னால் இருக்கும் கைகள்

இந்நகரத்தின் பசுமை தானாக வளர்ந்த காடல்ல. 1963 ஜூன் 16ஆம் தேதி ஃபேரர் சர்க்கஸ் பகுதியில் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். நாடு தழுவிய மரநடு இயக்கம் அதிலிருந்து தொடங்கியது. ‘தோட்ட நகரம்’ என்ற இலக்கு 1967ல் அறிவிக்கப்பட்டது. இன்று நாம் நிழலில் நடக்கும் பல மரங்களை நட்டவர்கள் யார் என்றுகூட நமக்குத் தெரியாது.

நட்டவர்கள் ஒருபுறமிருக்க, பராமரிப்பவர்கள் கண்முன்னே இருக்கிறார்கள். பாரந்தூக்கியில் நின்று கிளை வெட்டுபவர்கள், உச்சிவெயிலில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு புல் வெட்டுபவர்கள், நாம் எழும் முன்பே நடைபாதையில் விழுந்த பூவைக் கூட்டி அள்ளுபவர்கள். அவர்களில் பலர் தமிழகத்திலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த வெளிநாட்டு ஊழியர்கள். மரத்தை ரசித்துவிட்டு, அதன் அடியில் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருப்பவரைக் காணாததுபோல் கடந்துபோனால், கவனித்தது பாதிதான். “சாப்டீங்களாண்ணே?” என்று கேட்க அரைநிமிடம்கூட ஆகாது.

எங்கே உதவாது?

நன்றியுணர்வு என்ற சொல்லுக்கு ஒரு தவறான பயன்பாடும் உண்டு. மனம் உடைந்து பேசும் மருமகளிடம், “இருப்பதை நினைத்துத் திருப்திப்படு, உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்!” என்று சொல்வது நம் வீடுகளில் சகஜம். நன்றி ஒருவர் தாமாக உணரவேண்டியது. பிறர் வாயை அடைக்க அதைக் கையில் எடுத்தால், கேட்பவர் அடுத்தமுறை பேசவே மாட்டார். சம்பளம் குறைவு, வேலைநேரம் அதிகம் என்பதற்கும் பூமரம் மருந்தில்லை.

வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் மருத்துவரையோ ஆலோசகரையோ நாடுவதே முறை. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணிலும் தேசிய மனநல உதவிச் சேவையை 1771 என்ற எண்ணிலும் 24 மணி நேரமும் அழைக்கலாம்.

காத்திருந்து பார்க்க ஒன்று

தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட் எனும் சிறு செடி பெரும்பாலான நாள்களில் யார் கண்ணுக்கும் தெரியாது. குச்சி குச்சியாக இருக்கும். திடீர்ப் பெருமழையால் வெப்பம் சட்டென்று சில டிகிரி இறங்கினால் அதன் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். அதிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள் காலையில், அந்த வட்டாரத்திலுள்ள புறா ஆர்க்கிட் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். சிறகு விரித்த வெள்ளைப் புறாவைப்போன்ற பூ, நல்ல வாசம். ஒரு நாள்தான் இருக்கும். மறுநாள் வாடித் தொங்கிவிடும்.

அடுத்தமுறை மாலைநேரப் பெருமழையில் பேருந்து நிறுத்தத்தில் சிக்கிக்கொள்பவர்கள், கைப்பேசி நாள்காட்டியில் ஒன்பது நாள் தள்ளி ஒரு குறிப்புப் போட்டுவைக்கலாம். அன்று வேலைக்குப் போகும் வழியில், பெரிய மரமாகப் பார்த்து அண்ணாந்து பார்த்தால் போதும்.