பரப்புக் காணியும் பங்குக் கிணறும்: பழைய பத்திரிகை விளம்பரங்களுக்குள் ஓர் எட்டு

பழைய பத்திரிகை ஒன்று கைக்குக் கிடைத்தால் சிலர் தலையங்கத்தைத் தேடுவார்கள், சிலர் கண்டனக் கட்டுரைகளைத் தேடுவார்கள். நான் நேரே விளம்பரங்களுக்கு ஓடுகிற ஆள்! காணி ஏலம், புத்தக விற்பனை, கொழும்புக் கடைகளின் முகவரி, ‘மொத்தமாகவும் சில்லறையாகவும்’ என்று தொடங்கும் வரி. இவற்றைக் கண்டால் எனக்குக் கைகால் ஓரிடத்தில் நிற்காது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று எங்கள் தீவுகளின் பெயர் அந்தப் பொடி எழுத்துகளுக்குள் தட்டுப்பட்டால் கேட்கவே வேண்டாம்! வாருங்கள், விளம்பரப் பக்கத்துக்குப் பின்கதவால் நுழைவோம். யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள், எப்படி அச்சேறியது, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

பத்திரிகைக்கு முந்திய விளம்பரம்

முதல் ஆச்சரியம் இது: எங்கள் பகுதியில் காணி விற்பனை அறிவித்தல், பத்திரிகையை விட மூத்தது! ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், 1707 இல் யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டி எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி சொன்ன அந்தத் தொகுப்புத்தான் தேசவழமை. காணியை விற்க நினைப்பவர் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், காணியை ஈடு பிடித்திருக்கிற அயற்காணிக்காரருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியாளுக்கு விற்கலாம். அதோடு நிற்கவில்லை. விற்கப்போகும் செய்தியை மூன்று ஞாயிறு தொடர்ந்து அவரவர் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒல்லாந்தக் கொமாண்டர் புளோம் காலத்தில் ஓர் ஒழுங்கு வந்தது.

வேலணை, அல்லைப்பிட்டி, புங்குடுதீவு, நெடுந்தீவு எல்லாவற்றிலும் ஒல்லாந்தர் காலத்தில் தேவாலயங்கள் இருந்தன. சனம் கூடும் இடத்தில், எல்லோர் காதிலும் விழ, மூன்று தரம்! காசு கொடுத்து மூன்று வாரம் விளம்பரம் போடுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல முன்னோடி வேறு எங்கே கிடைக்கும்? உரித்தாளருக்கும் பங்காளிக்கும் உள்ள அந்த முன்வாங்கும் உரிமை இன்றும் செத்துப்போகவில்லை. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கென்றே வந்தது.

பதினான்கு வருடம் காத்திருந்த யந்திரம்

அடுத்தது அச்சுயந்திரத்தின் கதை. அமெரிக்க மிசனுக்கு அச்சு வேலை தெரிந்த ஜேம்ஸ் கரெட் 1820 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஆங்கில அரசு அவர் இங்கே தங்க அனுமதி கொடுக்கவில்லை. அவர் போய்விட்டார், யந்திரம் நல்லூரில் சேர்ச் மிசனரிமாரின் கைக்குப் போனது. 1834 இல் அதை அமெரிக்க மிசன் திரும்ப வாங்கி மானிப்பாய்க்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் ஈஸ்ற்மன் மைனர் என்ற அச்சுக்காரரும் வந்து சேர்ந்தார். பிறகு வேலை பறந்தது! 1841 சனவரி 7, வியாழக்கிழமை, ‘உதயதாரகை’ முதல் இதழ் வெளிவந்தது. 1842 இல் 58,000 சொற்களுக்கு மேல் கொண்ட மானிப்பாய் அகராதியும் அதே அச்சகத்திலிருந்து வந்தது.

உதயதாரகை தமிழும் ஆங்கிலமுமாக மாதம் இருமுறை வந்தது. அதை நடத்தியவர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இருவர். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த எங்கள் ஊர்த் தமிழர்! கல்வி, விஞ்ஞானம், இலக்கியம், அரசாட்சி, சமயம் ஆகியவற்றுடன் விவசாயத்தையும் தங்கள் பத்திரிகைக்குரிய பொருளாக அவர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். தோட்டக்காரன் வாசிப்பான் என்று 1841 இலேயே நம்பிய பத்திரிகை அது. அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும். மானிப்பாயில் அச்சான தாள் தீவுக்கு வருவதென்றால் அன்று கடல் தாண்டித்தான் வரவேண்டும்.

எல்லாம் விளம்பரத்துக்கு வராது!

இப்போது கொஞ்சம் நிறுத்தி, விளம்பரத்தில் வராதவற்றை யோசித்துப் பாருங்கள். புகையிலைத் தோட்டத்துக்கு எரு வேண்டுமென்றால் ஆட்டுப்பட்டி அடைப்பார்கள். இரவில் ஆடுகளைத் தோட்டத்திலேயே அடைத்துவிட்டால் விடியும்போது நிலத்துக்குப் பசளை. துலா மிதிக்க ஆள் வேண்டும். கிடுகு பின்ன, வீடு வேய, வேலி அடைக்க, வள்ளத்துக்குக் கலப்பற்றுப் பார்க்க ஆள் வேண்டும். இத்தனை சேவைகள்! ஆனால் இவற்றில் ஒன்றுக்கும் பத்திரிகை தேவைப்படவில்லை. ஓடாவி யார், பட்டிக்காரர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஒழுங்கையில் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் ஆள் படலையில் நிற்பார்.

ஊர் வாய்க்கு எட்டாத ஆளுக்குச் சொல்ல வேண்டி வந்தபோதுதான் விளம்பரம் பிறந்தது. விளம்பரப் பக்கத்தின் இரகசியமே இதுதான்! நீதிமன்றம் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். புத்தகக்காரர் தெரியாத வாசகருக்குச் சொல்ல வேண்டும். கொழும்பில் கடை வைத்திருக்கிறவர் ஊருக்குச் சொல்ல வேண்டும். மலாயாவில் உத்தியோகம் பார்க்கிறவருக்கு ஊர்க்காணி விலைக்கு வந்திருப்பதைச் சொல்ல வேண்டும். ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலிருந்து புகையிலையும் பனஞ்சலாகையும் கடல் கடந்து போயின, பிறகு ஆட்களும் போனார்கள். போகப்போக அறிவித்தலின் தேவையும் கூடியது. ஒரு தீவு எவ்வளவு தூரம் கைநீட்டியது என்று அறிய விரும்பினால், அதன் விளம்பரங்கள் எந்த முகவரிகளைத் தாங்கி நிற்கின்றன என்று பாருங்கள்.

ஒரு காணி அறிவித்தல், கிட்டவைத்துப் பார்த்தால்

எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கடன் தீராமல் வழக்குத் தோற்றவரின் காணியை நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் ஏலத்தில் விற்பார். அந்த அறிவித்தல், 1802 இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானியில் வரும். அதன் அமைப்பு அப்படியொரு கச்சிதம்! முதலில் பிரிவு, கோவிற்பற்று, ஊர். பிறகு காணியின் பெயர். ஆம், எங்கள் ஊரில் ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு! அடுத்தது பரப்பளவு, லாச்சக் கணக்கில். விளைவதைப் பொறுத்து லாச்சத்தின் அளவும் மாறும். வரகுக் கணக்கில் 16 லாச்சம் ஓர் ஏக்கர். அதே 16 தான் இன்றைய பரப்புக் கணக்கும். ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச்சஸ்.

அளவு முடிந்ததும் காணிக்குள் இருப்பவை: வீடு, கிணறு, பனை, வான்பயிர், தான்பயிர். முழுக் கிணறு இல்லையென்றால் கிணற்றில் பங்கு, தண்ணீர் அள்ளப் போகும் வழி, வாய்க்கால் உரித்து. ஒரு கிணற்று நீரைப் பல குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்த வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது! அதன் பின் நான்கு எல்லைகள். கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரும் பங்காளரும், தெற்கே வாய்க்கால். நான்கு பக்கத்து அயலையும் கூட்டிவைத்துச் சாட்சி சொல்லவைத்த மாதிரி அல்லவா இருக்கிறது?

இன்றைய யாழ்ப்பாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். ‘இரண்டு பரப்புக் காணி விற்பனைக்கு உண்டு, நல்ல தண்ணீர்க் கிணறு’ என்று வரும். உவர்த் தண்ணீரோடு மல்லுக்கட்டும் தீவகத்தில் அந்த ‘நல்ல தண்ணீர்’ என்ற இரண்டு சொல்லுக்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் இல்லை. பரப்பும் கிணறும் இடம் மாறாமல் அப்படியே இருக்கின்றன!

ஈய எழுத்துகளின் அறைக்குள்

இனி அச்சுக்கூடத்துக்குள் வாருங்கள், சத்தம் கேட்கிறதா? எழுத்துப் பெட்டிக்கு முன்னால் அச்சுக்கோப்பாளர் நிற்கிறார். ஆங்கிலத்துக்குச் சிறு பெட்டி போதும். உயிர்மெய்க்கெல்லாம் தனித்தனி அறை வேண்டுவதால் தமிழ்ப் பெட்டி அகலம். றா, னா, ணா, லை, னை எல்லாம் பழைய வடிவில், ஒவ்வொன்றும் தனி எழுத்து. இடக்கையில் கோப்புச் சட்டம், வலக்கை பெட்டிக்கும் சட்டத்துக்குமாகப் பறக்கும். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறியிருக்கும். அவர் அதைச் சரளமாக வாசிப்பார்!

விளம்பரத்துக்கென்று சில விசேட சாமான்கள் உண்டு. சுற்றிவரப் பூக்கரை, சுட்டுவிரல் நீட்டிய கை, அடிக்கோடு. விளம்பரத்தைக் கோத்ததும் நூலால் கட்டி வைத்துவிடுவார்கள். அடுத்த வாரமும் அதையே தூக்கி வைக்கலாம், திரும்பக் கோக்கத் தேவையில்லை. அதனால்தான் ஒரே விளம்பரத்தில் ஒரே எழுத்துப்பிழை வாரக்கணக்காக நிற்பதைப் பார்க்கிறோம். அந்தப் பிழையைக் காணும்போதெல்லாம் நூலால் கட்டிய ஈயக் கட்டு ஒன்று என் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது!

பழைய பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் விளம்பரம் ஏன் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. நாலு பக்கப் பத்திரிகையில் முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் அச்சாகும். முன்கூட்டியே தயாராக இருக்கிற விளம்பரங்களை அந்த முகத்தில் முதலில் அடித்து வைத்துவிட்டால், உட்பக்கங்களைக் கடைசி நேரச் செய்திக்கு வைத்திருக்கலாம். எங்கள் பக்கம் மட்டும் அல்ல. சென்னை இந்து 1958 வரை, லண்டன் ரைம்ஸ் 1966 வரை முதற்பக்கத்தை விளம்பரத்துக்கே கொடுத்திருந்தன.

பத்தி முடிந்தும் இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தால்? அச்சகத்தின் சொந்தப் புத்தக விளம்பரம் அங்கே வந்து உட்காரும். பத்திரிகையும் பதிப்பகமும் ஒரே கூரையின் கீழ் இருந்ததன் வசதி அது. குரும்பசிட்டி நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ சுன்னாகத்துத் திருமகள் அழுத்தகத்திலிருந்து வந்தது. 1937 இல் கணேசையர் உரைக்குறிப்போடு தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தைப் பதிப்பித்தவரும் அதே பொன்னையாதான். காணி விளம்பரம் கோக்கும் ஊரில் தொல்காப்பியமும் கோக்கிறார்கள்! சுன்னாகத்தை நினைத்துப் பெருமைப்படாமல் இருக்க முடியுமா?

மலர்களின் பின்பக்கங்கள்

பத்திரிகை மட்டும் போதாது. தீவகப் பாடசாலை மலர்களையும் கோவில் மலர்களையும் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். அங்கே இருக்கிறது தீவாரின் கொழும்பு! பலசரக்குக் கடை, புகையிலை சுருட்டு வியாபாரம், சைவ சாப்பாட்டுக்கடை, கொமிசன் வியாபாரம். கடையின் பெயருக்குக் கீழே தொலைபேசி இலக்கம், ‘தந்தி’ என்று போட்டு ஒரே சொல்லில் ஒரு முகவரி. தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் நீண்ட முகவரியை ஒரு சொல்லாகப் பதிந்து வைத்தார்கள். அந்த விளம்பரக் காசில்தான் மலரே அச்சானது. கடையில் நின்று உழைத்தவர் தான் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. ஒரு பக்க விளம்பரத்தில் வியாபாரமும் ஊர்ப்பற்றும் இப்படிக் கைகோத்து நிற்பதை நான் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

கிழித்து எறியாதீர்கள்!

இதையெல்லாம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சஞ்சிகைகளைச் சேர்த்துக் கட்டும்போது விளம்பரத் தாள்களை உருவிவிட்டுக் கட்டுகிற பழக்கம் நூலகங்களில் பரவலாக இருந்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின; ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1990களின் தொடக்கத்தில் தீவகச் சனம் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்த உறுதிக்கட்டுகளும் பத்திரிகைக் கட்டுகளும் ஓலைக்கடகத்தோடு போய்விட்டன. மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே போய்ப் புரட்டிப் பாருங்கள், நேரம் போவது தெரியாது!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மலர் இருக்கலாம், அட்டை போன பத்திரிகை இருக்கலாம், அப்பு வைத்த கடையின் விலைப்பட்டியல் இருக்கலாம். கட்டுரைப் பக்கங்களை மட்டும் படமெடுத்துவிட்டு விளம்பரத்தை விட்டுவிடாதீர்கள். அட்டை முதல் அட்டை வரை எடுங்கள். இடம்பெயர்ந்து திரும்பியவருக்குத் தன் காணியின் பழைய பெயரையும் எல்லையையும் அந்த அறிவித்தல்களில் ஒன்று எடுத்துக் கொடுக்கலாம். கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைக்குப் பூட்டனின் கடை இருந்த தெருவைக் காட்டலாம். கடையின் பெயர், தந்திச் சொல், கிணற்றுப் பங்கு, பரப்புக் கணக்கு எல்லாம் எங்கள் சரித்திரம்தான். அதை எழுதி அச்சிட்டும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் செய்ய வேண்டியது, அதைத் தூக்கி எறியாமல் இருப்பது மட்டுமே!