ஈவுத் தொகையும் தேச சஞ்சாரமும்

ஆகுர்டி என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது பஜாஜ் ஸ்கூட்டரே. 1959-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் லைசென்ஸைப் பெற்று, மறு ஆண்டில் பொதுக் கம்பெனியாக உருவெடுத்த பஜாஜ் ஆட்டோ, மும்பை–புணே சாலையோரம் இங்கேதான் தன் ஆலையை நிறுவிற்று. 1972-இல் சேத்தக் ஸ்கூட்டர் பிறந்தது. 2007-இல் ஆகுர்டியில் வண்டி உற்பத்தி நின்றது. 2022-இல் மின்சாரச் சேத்தக்கிற்கென்று மீண்டும் ஓர் ஆலை திறக்கப்பட்டது. கம்பெனியின் பதிவு அலுவலகம் இன்றும் இவ்வூரிலேயே இருக்கிறது. நம்மவர் பலர் தென்னாட்டிலிருந்து இவ்வழி வந்து குடியேறியது அந்த ஆலையையும் அதைச் சூழ்ந்த பட்டறைகளையும் நம்பித்தான்.

கம்பெனி தொழிலாளிக்குக் கூலி தருவது போலவே, பங்குதாரருக்கு ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு பகுதியைப் பகிர்ந்தளிக்கின்றது. டிவிடெண்டு என்று நாம் வழங்கும் ஈவுத் தொகை அதுவே. சிலகாலமாக ஒரு புதிய ஆசை நம் வீடுகளில் புகுந்திருக்கிறது. உத்தியோகத்தை விட்டு, வீட்டை விற்று, கிடைத்த பணத்தையெல்லாம் பங்குகளில் இட்டு, வரும் ஈவைக் கொண்டு ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சுற்றுவது என்பதே அது. கைபேசியில் காணும் இளந்தம்பதிகள் இன்று மணாலியிலும் நாளை வியட்நாமிலும் நின்று புன்னகை புரிகின்றனர். டிக்கெட் ஜன்னலுக்கு உட்புறம் அமர்ந்து, பிறர் பயணத்திற்கே சீட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும் என் போன்றவனுக்கு அதைக் கண்டு பெருமூச்சு வருவது இயற்கைதான். எனினும் பெருமூச்சு வேறு, கணக்கு வேறு.

இப்பகுதி ஆலையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெறவிருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம், "தம்பி, போன வருஷம் பஜாஜ் நூற்றுக்கு 2100 கொடுத்தானாம்! இனி நமக்கு என்ன கவலை?" என்றார். இந்த நூற்றுக் கணக்கு பங்கின் முகமதிப்பைக் கொண்டு சொல்லப்படுவது என்பதை முதலில் உணர வேண்டும். முகமதிப்பு 10 ரூபாய். 2025-ஆம் ஆண்டு அளித்த ஈவு பங்கொன்றுக்கு 210 ரூபாய். ஆகவே 2100 சதவிகிதம். ஆனால் அப்பங்கைச் சந்தையில் 10 ரூபாய்க்கு யார் தருவார்? அவ்வாண்டின் நடுவில் அதன் விலை ஏறக்குறைய 8,500 ரூபாய். 8,500 போட்டு 210 பெறுவது நூற்றுக்கு இரண்டரைக்குச் சற்றுக் குறைவே.

நண்பரின் திட்டப்படி வீடு விற்ற பணமும் பிராவிடண்டு பண்டும் சேர்ந்து ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோடிக்கு 1,176 பங்குகள் கிடைக்கும். 210 வீதம் ஆண்டுக்குச் சுமார் 2,47,000 ரூபாய். மாதம் இருபதாயிரத்துச் சொச்சம். அதுவும் மாதந்தோறும் வருவதன்று. கோடையில் அறிவித்து ஆண்டுக்கொருமுறை தருவது. முந்திய ஆண்டுகளைப் பாருங்கள். 2022-இலும் 2023-இலும் பங்குக்கு 140 ரூபாய். 2024-இல் 80 ரூபாய் மட்டுமே. கம்பெனி நொடித்துப் போயிற்றா என்றால் இல்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் 4,000 கோடி ரூபாய் செலவிட்டுத் தன் பங்குகளைத் தானே, பங்கு 10,000 ரூபாய் வீதம், திரும்ப வாங்கிற்று. ஈவு எவ்வளவு, எவ்வழியில் என்பதெல்லாம் இயக்குநர் குழு ஆலோசித்துப் பரிந்துரைப்பது; அதைக் கூட்டிக் கேட்க நமக்கு உரிமையில்லை. 80 ரூபாய் ஆண்டில் நம் நண்பரின் வருவாய் மாதம் 7,800 ரூபாய்தான். இராமேசுவரத்தில் சத்திரத்து அறையில் இருக்கும்போது அச்செய்தி வந்தால் தம்பதிகள் என் செய்வர்? பங்கை விற்கலாம் எனின், அதன் விலையும் நிலையாக நிற்பதன்று. 2024 செப்டம்பரில் 12,000-ஐத் தாண்டியது 2025 ஏப்ரலில் 8,000-க்குக் கீழே இறங்கியது.

இதற்கு எதிர்த்தட்டில் தபாலாபீசும் வங்கிகளும் நடத்தும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை வைத்து நிறுத்துப் பார்க்கலாம். 2023 ஏப்ரலிலிருந்து ஒருவர் 30 லட்சம் வரை இடலாம். அப்போது வகுத்த வட்டி 8.2 சதவிகிதம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் வந்து விழும், ஆண்டுக்கு 2,46,000. கோடி ரூபாய்ப் பங்கு தன் மிக நல்ல ஆண்டில் ஈன்றதும், 30 லட்சம் இங்கே சாதாரணமாக ஈனுவதும் ஏறத்தாழ ஒரே தொகை! இதை எழுதிக் காட்டியபோது நண்பர் நெடுநேரம் தாளையே நோக்கியிருந்தார்.

அப்படியாயின் பங்கு வீணா? அன்று. 2015-இல் இதே பஜாஜ் ஆட்டோ அளித்த ஈவு 50 ரூபாய். பத்தாண்டில் அது நான்கு மடங்குக்கு மேலாயிற்று. தபாலாபீசு வட்டியோ போட்ட நாளில் எத்தனையோ ஐந்தாண்டு முடிவிலும் அத்தனையே. விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவிகிதம் ஏறினால், பன்னிரண்டு ஆண்டில் ஒரு ரூபாய் எட்டணாவாகிவிடும். இன்றைய பயணத்தை நடத்துவது வட்டி; பன்னிரண்டாம் ஆண்டின் பயணத்தை நடத்த வல்லது வளரும் ஈவு. இரண்டில் ஒன்றை மட்டும் கைக்கொண்டு ஆயுள் முழுதும் சுற்றக் கிளம்புவதுதான் ஆபத்து என்பது என் அபிப்பிராயம்.

மேனாட்டில் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த பில்லி கேடர்லி, அகைஷா கேடர்லி என்னும் தம்பதிகள் 1991-இல், தம் 38-ஆம் வயதில், சுமார் ஐந்து லட்சம் டாலருடன் உத்தியோகத்தைத் துறந்து மெக்ஸிகோ, குவாதமாலா, தாய்லாந்து என்று வாழத் தொடங்கினர். பல புத்தகங்களும் எழுதினர். அவர்கள் ஈவை மட்டும் நம்பியவரல்லர். பெரும்பாலும் குறியீட்டு நிதியில் பணத்தை வைத்து, வேண்டும்போது சிறிது விற்றும் செலவு செய்தவர்கள். அவர்களுக்கு வாய்த்த காலமும் நல்ல காலம். அமெரிக்கப் பங்குக் குறியீடு 1991-இல் 300-க்குச் சற்று மேல் இருந்தது; 2024-இல் 5,000-ஐக் கடந்தது. செலவு குறைந்த நாடுகளில் மாதக்கணக்கில் தங்கியதும் அவர்கள் வெற்றிக்குக் காரணம். நாலு நாளைக்கு ஓர் ஊர் என்று பறப்பவருக்கு வாகனச் சத்தமே முதலை விழுங்கிவிடும்.

முதலில் எத்தனை பங்கை ஆண்டுதோறும் எடுக்கலாம் என்பதை 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் ஆராய்ந்தார். முதலாண்டில் நூற்றுக்கு நான்கு எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டே போனால் முப்பது ஆண்டுக்கு முதல் தாங்கும் என்பது அவர் கண்டது. அது அமெரிக்க வரலாற்றைக் கொண்டு கண்ட கணக்கு. நம் விலைவாசிக்கு நூற்றுக்கு மூன்று என்று வைப்பது உத்தமம். மாதம் ஐம்பதாயிரம் செலவு செய்ய விரும்பும் தம்பதிக்கு அப்படியாயின் இரண்டு கோடி வேண்டும். முப்பது வயதில் கிளம்புவோர்க்கு முப்பது ஆண்டு போதாது என்பதையும் மறத்தல் கூடாது.

நம் நாட்டில் இவ்வாசையை வேறு வழியில் தீர்த்துக்கொண்ட தம்பதிகளை இங்கே கூறாமல் விட மனமில்லை. கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காப்பிக் கடை நடத்திய விஜயனும் மோகனாவும் தினம் 300 ரூபாய் ஒதுக்கி, மீதிக்குக் கடன் வாங்கி, வெளிநாடு சென்று வந்து, கடையில் உழைத்துக் கடனைத் தீர்த்து, மீண்டும் கிளம்பினார்கள். 2007-இல் தொடங்கி 26 நாடுகள். 2021 அக்டோபரில் ருஷ்யா சென்று திரும்பினர். நவம்பரில் விஜயன் காலமானார். அவர்களுக்கு ஒரு பங்குப் பத்திரத்தின் ஈவும் துணையில்லை. கடையே கற்பக விருட்சம். ஆயினும் அவர்கள் செய்தது விட்டு விட்டுச் செய்த பயணம். கதவைச் சாத்தினால் கல்லா ஓய்ந்துவிடும். ஜ்யேஷ்ட மாதத்தில் துக்காராம் மகராஜின் பல்லக்கு தேஹுவிலிருந்து வந்து நம் ஆகுர்டி விட்டல் கோயிலில் தங்கும்போது உடன் வரும் குடியானவர்களும் அப்படியே; விதைத்துவிட்டுப் பண்டரிபுரத்துக்கு நடப்பவர்கள்.

அதிக ஈவு என்ற ஆசை காட்டி வரும் வேறு சில இனங்களையும் குறிப்பிட வேண்டும். பவர்கிரிட் கம்பெனியின் உள்கட்டமைப்பு அறக்கட்டளை 2021-இல் 100 ரூபாய்க்கு அலகுகளை வெளியிட்டது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை 3 ரூபாய் பகிர்ந்தளித்து வந்ததால் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் அத்தொகையில் கடன் அசல் திரும்பி வருவதும் கலந்திருந்தது. 2024-இல் அலகின் விலை வெளியீட்டு விலைக்கும் கீழே போயிற்று. மரத்தின் பழம் எது, கிளை எது என்று பார்த்தே பறிக்க வேண்டும்.

வரி விஷயம். 2020 மார்ச் வரை ஈவுக்கான வரியைக் கம்பெனியே செலுத்திற்று. 2020 ஏப்ரல் முதல் அது நம் வருமானத்தோடு சேர்ந்துவிட்டது. ஒரு கம்பெனியின் ஈவு ஆண்டில் 10,000 ரூபாயைக் கடந்தால் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொண்டே தருவர் (2025 ஏப்ரலுக்கு முன் இவ்வெல்லை 5,000). வரிக்கு உட்படாதவர் படிவம் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம், அல்லது பின்னர்த் திரும்பப் பெறலாம். ஓராண்டில் நெடுங்காலம் அயல்நாட்டில் தங்கி, வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி ஆகிவிட்டவருக்கு முறைகள் வேறு. மூத்தோர் சேமிப்புத் திட்டத்தில் புதுக் கணக்கும் திறக்க இயலாது.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவிகிதம், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைவில் செலவுக் கணக்குப் போடுவோர் ஜன்னலருகே வந்து திடுக்கிடுகின்றனர். ஆலைத் தொழிலாளருக்கு வரும் பிராவிடண்டு பண்டுப் பென்ஷனோ மிகச் சொற்பம். 2004 ஜனவரிக்குப் பின் அரசாங்க வேலையில் சேர்ந்த எங்களுக்கும் பழைய பென்ஷன் இல்லை. ஆகையால் நிலையான பாகத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நண்பர் இப்போது வீட்டை விற்கும் யோசனையைக் கைவிட்டு, வாடகைக்கு விட எண்ணியிருக்கிறார். வாடகை வீட்டு விலையில் நூற்றுக்கு இரண்டு, மூன்றுக்கு மேல் தேறாதுதான். ஆனால் விலைவாசியோடு அதுவும் ஏறும், திரும்பி வந்தால் தலை சாய்க்க இடமும் இருக்கும். பண்டுப் பணம் முழுவதும் மூத்தோர் திட்டத்திற்கு. பங்குகளுக்கு, இனி மிஞ்சுவதில் சிறிது சிறிதாக. முதலில் ஆறு மாதம், தெற்கே மட்டும். புறப்படுமுன் வங்கிக் கணக்கு, பங்குக் கணக்கு, தபாலாபீசுக் கணக்கு மூன்றிலும் மனைவியின் பெயரை நியமனதாரராகப் பதிந்து, அவற்றின் எண்களை எழுதிய தாளொன்றை மகளிடம் கொடுத்துச் செல்லும்படி கூறியிருக்கிறேன். மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் தவணை மட்டும் இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.