மூவிலைப் பயிரும் மலட்டாடுகளும்

குட்டி ஈனாத பெண்ணாட்டின் மடியிற் பால் சுரந்ததென்றாலே வியப்பாகும். காயடித்த கிடாயின் காம்பிலும் பால் கசிந்ததென்றால் யார் நம்புவர்? 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதியிற் செம்மறி வளர்த்தோர் இதனைக் கண்கூடாகக் கண்டனர். வியப்போடு அஃது ஒழியவில்லை. கொழுத்து நின்ற ஆடுகள் சினை கொள்ளவில்லை. கொண்டவற்றுட் பல ஈன மாட்டாது வருந்தி மாண்டன. குட்டிகளையே நம்பி வாழ்ந்த குடிகட்கு இதனினும் பெரிய இடர் யாது?

1946-இல் பென்னெட்ஸ், அண்டர்வுட், ஷையர் என்னும் மூவர் இந்நோயை விளக்கி, இதன் காரணம் மேய்ச்சலே என்று காட்டினர். அம்மேய்ச்சல் யாதோ எனின், மத்தியதரைக்கடல் நாடுகளினின்று வந்த நிலத்தடிக் குளோவர் என்னும் மூவிலைப் பயிர். தன் விதைக்காயைத் தானே மண்ணுட் புதைப்பதால் அது அப்பெயர் பெற்றது. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து வறுநிலத்தை வளமாக்குவதால், உழவர் அதனைப் பெரும்பேறாகவே போற்றி வந்தனர். வேலியிட்டுக் காத்த நன்மையே தீமையாய் முடிந்தது.

அதன் இலையில் ஃபார்மோனோனெட்டின் என்னும் பொருள் உளது. தன்னளவில் அது வலியற்றது. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களோ அதனை ஈக்குவால் என்னும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. (1932-இல் சினைக் குதிரையின் சிறுநீரினின்று முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்டமையின் அதற்கு இலத்தீனிற் குதிரையைக் குறிக்கும் சொல்லடியாகப் பெயரிட்டனர்.) ஈக்குவாலின் வடிவம் பெண்மைக்குரிய ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜெனை ஒத்தது. ஆகவே கருப்பையின் உயிரணுக்கள் அதனைத் தம் உடலின் ஹார்மோன் என்றே ஏற்றுக்கொள்ளுகின்றன. உடலின் ஹார்மோனோ பருவமறிந்து ஏறும், இறங்கும். பசும்புல் உள்ளளவும் இப்போலி இறங்குவதேயில்லை.

சின்னாள் மேய்ந்த ஆடு வேறு நிலத்திற்கு மாறினால் தேறும். ஆண்டுக்கணக்காக மேய்ந்த மறியின் நிலையே இரங்கத்தக்கது. அதன் கருப்பை வாயின் அமைப்பே திரிந்து, ஆணின் வித்து உள்ளே செல்ல இடங்கொடாது போகும். பின்னர் எத்துணை நல்ல புல்லை ஊட்டினும் அஃது மீளாது. மாடுகட்கு இத்தீங்கு பெரிதும் இல்லை. உண்ட புல் ஒன்றாயினும் உடல் வேறன்றோ! காய்ந்த குளோவரிலும் நஞ்சு மிகக் குறைவு.

பிற்காலத்தில் ஃபார்மோனோனெட்டின் குறைந்த வகைகளைத் தேர்ந்து பரப்பினர். ஆயினும் ட்வால்கனப் முதலிய பழைய வகைகளின் விதைகள் மண்ணுள் நெடுங்காலம் உறங்கவல்லன. ஆங்காங்குள்ள பழைய மேய்ச்சல் நிலங்களில் அவை இன்றும் முளைக்கின்றன.