டெமோவுக்குப் பாடிய குரல்

1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பாட்டு எழுதுவது ஓர் அலுவலக வேலை. பிராட்வே சாலை, 1650-ஆம் எண் கட்டடம். அங்கே ஆல்டன் மியூசிக் என்ற நிறுவனத்தில், ஒரு பியானோவும் நாற்காலியும் மட்டுமே கொள்ளும் சிற்றறைகள். மெட்டும் வரிகளும் தயாரானதும், எழுதியவர்களே குறைந்த வாத்தியங்களோடு பாடிப் பதிவு செய்வார்கள். அந்த ‘டெமோ’வைக் கேட்டுத்தான் பிரபலப் பாடகர்கள் பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். நம் திரையிசையில் ட்ராக் பாடுவதைப் போல, கடைக்கு வரும் தட்டில் அந்த முதல் குரல் இருக்காது.

அப்படிக் காணாமல்போன குரல்களில் ஒன்று கேரல் கிங்குடையது. 1942-இல் பிறந்தவர். வரிகள் எழுதிய கணவர் ஜெரி கோஃபினுடன் சேர்ந்து அவர் மெட்டமைத்த ‘வில் யூ லவ் மீ டுமாரோ’, ஷிரெல்ஸ் குழுவின் குரலில் 1961 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 18. பத்தாண்டு கழித்து அவர் தன் குரலிலேயே வெளியிட்ட ‘டேப்ஸ்ட்ரி’, பாட்டு எழுதுபவரே பாடும் பாப் இசைக்கு இன்றும் எடுத்துக்காட்டு.

எப்படி உருவானது?

1968-இல் மணவாழ்க்கை முறிந்தது. இரண்டு மகள்களுடன் கிங் லாஸ் ஏஞ்சல்ஸின் லாரல் கேன்யன் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்தார். மேடை என்றால் அச்சம். பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் இசைக்குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவரை, ஒரு நிகழ்ச்சியில் டெய்லர்தான் சொந்தப் பாட்டொன்றைப் பாட வைத்தார். 1970-இல் வந்த முதல் தனித் தட்டான ‘ரைட்டர்’ அதிகம் விற்கவில்லை.

அடுத்ததைத் தயாரித்தவர் லூ ஆட்லர். ஒருகாலத்தில் ஆல்டனின் மேற்குக் கரை அலுவலகத்தைக் கவனித்தவர். கிங்கின் டெமோக்களைப் பாடகர்களிடம் கொண்டு சேர்த்தவர் என்பதால், அந்தப் பதிவுகளின் நெருக்கம் அவருக்குத் தெரியும். புதிய தட்டும் அப்படியே ஒலிக்க வேண்டும், கிங் நம் எதிரே பியானோ முன் அமர்ந்து பாடுவதாகத் தோன்ற வேண்டும் என்று அவர் விரும்பினார்.

1971 ஜனவரியில் ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. அதே வளாகத்தில்தான் பாடகி ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ தட்டும் உருவானது. டெய்லர் கிதார் வாசிக்க, ‘வில் யூ லவ் மீ டுமாரோ’வில் மிட்செலும் பின்னணிக் குரல் கொடுத்தார். பிப்ரவரி 10-ஆம் தேதி, கிங்கின் 29-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், தட்டு வெளியானது. உள்ளே 12 பாடல்கள். அட்டையில் ஜன்னலோரம் வெறுங்காலுடன் கிங், கையில் அவரே பின்னிய தையல் வேலைப்பாடு, முன்னால் அவருடைய பூனை.

என்ன புதுமை?

12-இல் இரண்டு, மற்றவர்கள் ஏற்கெனவே புகழ்பெறச் செய்தவை. 1967-இல் அரீதா ஃபிராங்க்ளின் பெரும் இசைக்குழுவோடு பாடிய ‘நேச்சுரல் வுமன்’ இங்கே பியானோவும் பேஸும் மட்டுமாகச் சுருங்கியது. ‘வில் யூ லவ் மீ டுமாரோ’வின் நடை தளர்ந்தது. நாளையும் இந்த அன்பு இருக்குமா என்று பதின்பருவப் பெண் கேட்டால் அதில் ஆவல் மிகும். மணமுறிவைக் கடந்த தாய் கேட்கும்போது, பதிலை அறிந்துகொண்டே கேட்பதுபோல் இருக்கிறது. அரீதாவின் கம்பீரம் கிங்கின் குரலில் இல்லை. உச்சத்தில் சற்றுக் கரகரக்கும். அந்தக் கரகரப்பை மெருகேற்றி மறைக்காமல் விட்டதுதான் ஆட்லரின் சாமர்த்தியம்.

எப்படி வரவேற்கப்பட்டது?

வந்த வேகத்தில் உச்சிக்குப் போகவில்லை. ஜூன் மாதம்தான் பில்போர்டு பட்டியலில் முதலிடம். பிறகு தொடர்ந்து 15 வாரங்கள் இறங்கவில்லை. அதில் டோனி ஸ்டெர்ன் வரிகள் எழுதிய ‘இட்ஸ் டூ லேட்’, யாரையும் பழிக்காமல் ஓர் உறவு முடிந்ததை ஒப்புக்கொள்ளும் பெண்ணின் பாட்டு. அது ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ‘யூ ஹாவ் காட் எ ஃபிரண்ட்’ பாடலை டெய்லரும் தன் தட்டில் பாட, அதுவும் அதே கோடையில் முதலிடம் பிடித்தது.

காலமும் கைகொடுத்தது. பீட்டில்ஸ் பிரிந்திருந்த நேரம். குழுக்களின் ஆரவாரத்திலிருந்து ரசிகர்கள் ஒற்றைக் குரல்களின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெண்ணுரிமை இயக்கமும் வலுத்திருந்தது. ‘டேப்ஸ்ட்ரி’ உலகம் முழுவதும் 2.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

1972 மார்ச்சில் கிங்குக்கு நான்கு கிராமி விருதுகள். சிறந்த பாடலுக்கான கிராமியைப் பெற்ற முதல் பெண் அவர். ஆனால் விழாவுக்கு அவர் போகவில்லை, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தார். ஆட்லர்தான் போய் வாங்கினார். டெமோ அனுப்பிய நாட்களிலும் அவர் பாட்டு இப்படித்தான் அவரில்லாமல் மேடையேறியது. ஆனால் இம்முறை ஊரே கேட்டது அவர் குரலைத்தான்.