ஒரே ஓட்டில் தோற்றவர்கள்

தேர்தல் முடிவு வெளியான மறுநாள் பத்திரிகையைப் பிரித்ததும் கண் முதலில் எங்கே போகும்? சொந்தத் தொகுதிக்குத்தான். ஜெயித்தவர் யார், தோற்றவர் யார், யாருக்கு எத்தனை ஓட்டு என்று பார்ப்போம். பிறகு மாமியார் ஊர்த் தொகுதி, பக்கத்துத் தொகுதி என்று தாண்டிப் போய்விடுவோம்.

அந்தக் கணக்குக்குக் கீழே "வித்தியாசம்" என்று இன்னொரு எண் இருக்கும். அதை நின்று படிப்பவர்கள் குறைவு. அது சில இடங்களில் 50 ஆயிரமாக இருக்கும். சில இடங்களில் 500 ஆக இருக்கும்.

"1" என்று இருந்தால்?

சட்டசபைத் தேர்தலில் அப்படியும் நடந்திருக்கிறது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

கோவில் நகரில்...

ராஜஸ்தான் மாநிலத்தில், உதயப்பூருக்கு வடக்கே நாத்துவாரா என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்ணபிரானை ஸ்ரீநாத்ஜி என்ற பெயரில் கும்பிடும் புகழ் பெற்ற கோவில் அங்கே உண்டு.

2008-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்த மாநிலத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் சார்பில் நின்றவர் சி.பி.ஜோஷி. பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1980 முதல் நான்கு முறை அதே தொகுதியில் ஜெயித்தவர். அப்போது மாநில காங்கிரஸ் தலைவரும் அவரே. காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தால் முதல்-மந்திரி யார் என்ற பேச்சில் அவர் பெயரும் அடிபட்டது.

அவரை எதிர்த்து நின்றவர் பாரதீய ஜனதா வேட்பாளர் கல்யாண் சிங் சவுகான்.

டிசம்பர் 8-ந் தேதி ஓட்டுகள் எண்ணப்பட்டன. முடிவு இதுதான்:

கல்யாண் சிங் சவுகான் - 62 ஆயிரத்து 216.

சி.பி.ஜோஷி - 62 ஆயிரத்து 215.

இரண்டு பேருக்குமாக 1 லட்சத்து 24 ஆயிரத்து 431 பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அத்தனை பேர் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு போன பிறகு, வித்தியாசம் ஒன்று!

மொத்தம் 200 இடங்களில் காங்கிரசுக்கு 96 கிடைத்தது. கட்சியைத் தலைமை தாங்கி நடத்தியவர் ஜெயிக்கவில்லை; கட்சி ஆட்சி அமைத்தது. அசோக் கெலாட் முதல்-மந்திரி ஆனார்.

ஜோஷி ஜெயித்திருந்தால் அவர்தான் முதல்-மந்திரி ஆகியிருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. கெலாட் முன்பே அந்தப் பதவியில் இருந்தவர். சட்டசபை உறுப்பினர் அல்லாதவர்கூட 6 மாதம் வரை முதல்-மந்திரியாக இருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் சொந்த ஊர் மக்களிடம் தோற்றுவிட்டு வந்தவர், பதவி கேட்டு எந்த முகத்தோடு போய் நிற்பார்?

நம் பக்கத்து ஜில்லாவில்...

நாத்துவாராவுக்கு நாலு வருஷம் முன்னால் இதே கூத்து நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் கர்நாடகத்தின் சாமராஜநகர் ஜில்லா. அங்கே சந்தேமரஹள்ளி என்ற தனித் தொகுதி இருந்தது. 2004-ம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஆர்.துருவநாராயணா நின்றார். மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சார்பில் ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி நின்றார். இவர் கேரள கவர்னராக இருந்த பி.ராச்சையாவின் மகன்.

துருவநாராயணாவுக்கு 40 ஆயிரத்து 752 ஓட்டு. கிருஷ்ணமூர்த்திக்கு 40 ஆயிரத்து 751 ஓட்டு.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தேர்தலில் கர்நாடகத்தில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கடைசியில் கூட்டணி சேர்ந்து ஆட்சி அமைத்தவர்கள் யார் தெரியுமா? காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும்தான்! சந்தேமரஹள்ளியில் ஓர் ஓட்டுக்காக முட்டி மோதிய இரண்டு கட்சிகளும் பெங்களூரில் ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்தன.

டிரைவர் மேல் பழி

ஓர் ஓட்டில் தோற்றால் வீட்டில் என்ன நடக்கும்? "யார் ஓட்டுப் போடவில்லை?" என்ற விசாரணைதான் முதலில் நடக்கும்.

கிருஷ்ணமூர்த்தியின் கார் டிரைவர் ஓட்டுப் போடவில்லை என்றும், வேலை மும்முரத்தில் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் பத்திரிகைகளில் வந்தது. ஜோஷி விஷயத்திலும் அவருடைய டிரைவர் ஓட்டுப் போடவில்லை என்று எழுதினார்கள். வீட்டுப் பெண்களும் போடவில்லையாம். இந்தப் பட்டியல் மட்டும் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறியது. ஒருவர் தாயார் என்று எழுதினார். ஒருவர் மனைவி என்று எழுதினார். ஒருவர் சகோதரி என்று எழுதினார்.

இரண்டு கதையிலும் ஒரு டிரைவர் வருவதைப் பாருங்கள். ஓட்டுப்பதிவு அன்று வேட்பாளரின் வண்டி பொழுது விடிவதற்கு முன்னால் கிளம்பும். சாவடி சாவடியாகச் சுற்றும். வண்டி ஓட்டுகிறவரின் சாவடி வேறு ஊரில் இருந்தால் அவர் எப்போது போய் ஓட்டுப் போடுவது? வேலை செய்கிறவர்களுக்கு ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று 1996-ம் ஆண்டிலேயே தேர்தல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் "தவறாமல் ஓட்டுப் போடுங்கள்" என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறவர்களுக்கு, முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் ஞாபகம் வருவதில்லை!

அதோடு, பழியை ஒருவர் தலையில் போடுவது நியாயமும் அல்ல. நாத்துவாராவிலும் சந்தேமரஹள்ளியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் சாவடிப் பக்கமே வரவில்லை. வயலில் இருந்தவர்கள், வெளியூர் போனவர்கள், "நம் ஒரு ஓட்டில் என்ன ஆகப்போகிறது" என்று திண்ணையில் படுத்திருந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அந்த டிரைவர்தான்.

டிரைவர் போட்டிருந்தால்?

இனி கணக்குக்கு வருவோம். டிரைவர் போய் ஓட்டுப் போட்டிருந்தால் கிருஷ்ணமூர்த்தி ஜெயித்திருப்பார் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அது தப்பு.

40 ஆயிரத்து 751-உடன் ஒன்றைக் கூட்டுங்கள். 40 ஆயிரத்து 752. எதிரிக்கும் அதே 40 ஆயிரத்து 752. அதாவது, இரண்டு பேரும் சமம். ஜெயிக்க வேண்டுமானால் இன்னும் ஓர் ஓட்டு வேண்டும். நாத்துவாராவிலும் அப்படித்தான்.

சமமாக வந்தால் என்ன செய்வது? மறுபடியும் தேர்தல் நடத்த மாட்டார்கள். 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65-வது பிரிவில் வழி சொல்கிறது. தேர்தல் அதிகாரி அங்கேயே, அப்போதே திருவுளச்சீட்டுப் போடவேண்டும். யார் பக்கம் சீட்டு விழுகிறதோ அவர் ஓர் ஓட்டு அதிகமாக வாங்கியதாக வைத்துக்கொண்டு முடிவை அறிவிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிது அல்ல. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்தது எப்படி? தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தக் குடவோலை முறை அங்கே கோவில் சுவரில் கல்வெட்டாக இன்றும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு, ஓட்டுப் போடுவதற்கு எந்திரம் வந்த காலத்திலும், கணக்கு சமமாகிவிட்டால் சீட்டுக் குலுக்கல்தான் தீர்ப்புச் சொல்கிறது!

உறைக்குள் கிடக்கும் ஓட்டு

வித்தியாசம் பெரிதாக இருந்தால் யாரும் கவலைப்படாத சில ஓட்டுகள் உண்டு. வித்தியாசம் ஒன்று, இரண்டு என்று சுருங்கும்போது அவற்றுக்கு உயிர் வந்துவிடும்.

நீங்கள் ஓட்டுப் போடப் போகிறீர்கள். "உங்கள் பெயரில் முன்பே ஒருவர் போட்டுவிட்டார்" என்கிறார் அதிகாரி. அவர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லி, நீங்கள்தான் உண்மையான ஆள் என்று காட்டினால், உங்களுக்கு எந்திரத்துக்குப் பதில் ஒரு ஓட்டுச்சீட்டு தருவார்கள். அதில் குத்திக் கொடுக்கலாம். இதற்கு டெண்டர் ஓட்டு என்று பெயர். ஆனால் ஓட்டு எண்ணும் நாளில் அதை எண்ண மாட்டார்கள். தனி உறையில் போட்டு மூடி வைத்துவிடுவார்கள். கோர்ட்டு சொன்னால்தான் அந்த உறையைத் திறக்கலாம்.

ஜோஷி தேர்தல் வழக்குப் போட்டார். இந்த டெண்டர் ஓட்டுகள்தான் அங்கே பெரிய விவாதம் ஆயின. எதை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2011-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கள்ள ஓட்டுப் போட்டவன் எங்கேயோ போய்விட்டான். அவன் பறித்த ஓட்டுக்கு உரியவரின் சீட்டு, உறைக்குள் டெல்லி வரை வழக்காடிக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. 2016-ம் ஆண்டு, நெல்லைச் சீமையின் ராதாபுரம் தொகுதி. அ.தி.மு.க.வின் இன்பதுரைக்கு 69 ஆயிரத்து 590 ஓட்டு. தி.மு.க.வின் அப்பாவுக்கு 69 ஆயிரத்து 541. வித்தியாசம் 49.

அங்கே 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று தள்ளப்பட்டிருந்தன. அவற்றுக்குச் சான்றுக் கையெழுத்துப் போட்டவர்கள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்கள். அந்தக் கையெழுத்து செல்லுமா, செல்லாதா என்பதுதான் தகராறு. 49-ஐ விட 203 பெரிது அல்லவா? அப்பாவு கோர்ட்டுக்குப் போனார். 2019-ம் ஆண்டு அக்டோபரில், சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி தபால் ஓட்டுகளும் கடைசி மூன்று சுற்று ஓட்டுகளும் மறுபடி எண்ணப்பட்டன. ஆனால் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. எண்ணியாகிவிட்டது, சொல்லக் கூடாது!

அதற்குள் அந்தச் சட்டசபையின் காலமே முடிந்துவிட்டது. 2021-ம் ஆண்டுத் தேர்தலில் அப்பாவு ஜெயித்தார். சபாநாயகரும் ஆனார்.

ஓட்டு எண்ணும் அறையில் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் கம்பி வலைக்குப் பின்னால் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு எந்திரமும் காட்டும் எண்ணை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால், முடிவை அறிவிப்பதற்கு முன்னால், காரணம் காட்டி எழுத்து மூலம் மறு எண்ணிக்கை கேட்கலாம். அறிவித்துவிட்டால் பிறகு கோர்ட்டுதான் கதி. மிசோரமில் 2018-ம் ஆண்டு துய்வால் தொகுதியில் 5 ஆயிரத்து 207-க்கு 5 ஆயிரத்து 204 என்று மூன்றே ஓட்டில் முடிவு வந்தது. அந்த மாதிரித் தொகுதியில் ஏஜெண்டு ஒருவர் கொஞ்சம் கண் அயர்ந்தால் என்ன ஆகும்!

பிறகு என்ன ஆனார்கள்?

ஜோஷி சோர்ந்துவிடவில்லை. 2009-ம் ஆண்டு பில்வாரா தொகுதியில் நின்று பார்லிமெண்டுக்குப் போனார். மத்திய மந்திரி ஆனார். நாத்துவாராவில் 2013-லும் சவுகானே ஜெயித்தார். 2018 பிப்ரவரியில் சவுகான் காலமானார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜோஷி தம் பழைய தொகுதியைத் திரும்பப் பிடித்தார். அடுத்த மாதம் சபாநாயகர் ஆனார். 2023-ல் மறுபடி தோற்றார். இந்தத் தடவை ஆயிரக்கணக்கான ஓட்டு வித்தியாசம். டிரைவரைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சந்தேமரஹள்ளிக்காரர்களின் கதை இன்னும் சுவையானது. அதே துருவநாராயணாவும் அதே கிருஷ்ணமூர்த்தியும் 2009-ல் சாமராஜநகர் பார்லிமெண்டுத் தொகுதியில் மறுபடி மோதினார்கள். கிருஷ்ணமூர்த்தி இப்போது பாரதீய ஜனதா வேட்பாளர். ஜெயித்தவர் துருவநாராயணாவே. வித்தியாசம் 4 ஆயிரத்து 2 ஓட்டு. 2014-ல் மூன்றாவது மோதல். அதிலும் துருவநாராயணாதான். இந்தத் தடவை வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் 2019-ல் துருவநாராயணாவே மயிரிழையில் தோற்றார். பல லட்சம் பேர் ஓட்டுப் போட்ட அந்தத் தொகுதியில் அவரை வீழ்த்தியது 1,817 ஓட்டு.

இதற்கிடையில் கிருஷ்ணமூர்த்தி காங்கிரசில் சேர்ந்திருந்தார். பழைய எதிரிகள் இருவரும் ஒரே கட்சிக்காரர்கள் ஆனார்கள். 2018-ல் கொள்ளேகாலம் தொகுதியில் கிருஷ்ணமூர்த்தி தோற்றார். 2023 மார்ச் மாதம் துருவநாராயணா மாரடைப்பால் காலமானார். இரண்டு மாதம் கழித்து நடந்த சட்டசபைத் தேர்தலில் அதே கொள்ளேகாலத்தில் கிருஷ்ணமூர்த்தி ஜெயித்தார். வித்தியாசம் 59 ஆயிரத்து 519! பக்கத்து நஞ்சன்கூடு தொகுதியில் துருவநாராயணாவின் மகன் தர்ஷன் அதே கட்சியில் நின்று ஜெயித்தார்.

சந்தேமரஹள்ளியில் மட்டும் மறுபடி போட்டியிட யாருக்கும் வழி இல்லை. 2008-ல் தொகுதிகளைப் புதிதாகப் பிரித்தபோது அந்தத் தொகுதியை எடுத்துவிட்டார்கள். சட்டசபைப் பொதுத் தேர்தலில் அந்தப் பெயருக்கு நேரே கடைசியாக எழுதப்பட்ட முடிவு 40,752 - 40,751.