வீட்டாருக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பை 1950-களில் டாக்டர் வித்யா சாகர் ஏற்றபோது வார்டுகள் நிரம்பி வழிந்தன. பார்த்துக்கொள்ளப் போதிய ஆட்களும் இல்லை. ராணுவத்திடம் கூடாரங்களைக் கேட்டு வாங்கி வளாகத்தில் அடித்தார். நோயாளியைச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பவிருந்த அம்மாவையும் அண்ணனையும் மனைவியையும் கூடவே தங்கச் சொன்னார். அவர்களைக் கூட்டி உட்காரவைத்து, இது என்ன நோய், மருந்து என்ன செய்யும், வீட்டுக்குப் போனபின் எப்படி நடந்துகொள்வது என்று பேசினார். இட நெருக்கடியில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் வீட்டார் உடனிருந்த நோயாளிகள் சீக்கிரம் தேறியதும், அவர்களை அழைத்துப்போக ஆள் வந்ததும் கண்கூடாகத் தெரிந்தது.

நம் வேலூரில், பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையமும் அதே வழியில் நடந்தது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் தொடங்கிய அந்த மையத்தில், நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. சமைத்துக்கொண்டு, சேர்ந்து வாழ்ந்துகொண்டே நோயைப் புரிந்துகொள்வார்கள்.

இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும், இன்று பெரும்பாலான ஊர்களில் மனநோயாளியின் தாய்க்குக் கிடைப்பது ஒரு மருந்துச் சீட்டு மட்டுமே. புறநோயாளிப் பிரிவில் கூட்டம். மருத்துவருக்குச் சில நிமிடங்கள்தான். “ராத்திரி முழுக்கத் தனியாப் பேசுறான், நான் என்ன சொல்லணும்?” என்று அவள் கேட்க வந்த கேள்வி கேட்கப்படாமலே பேருந்து ஏறிவிடுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எழுதும் மருத்துவர் சோறு, நடை, கால் புண் எல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார். மனச்சிதைவுக்கு ஏன் அது இல்லை?

அதற்குத்தான் குடும்ப வகுப்பு. அதில் பெரிய தத்துவம் ஏதுமில்லை. அடுத்த வீட்டார் சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று மகன் நம்பினால், இல்லை என்று வாதாடியும் பயனில்லை, ஆமாம் என்று ஒத்துக்கொள்வதும் கெடுதல். “பயந்துபோயிருக்கே, நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்று அச்சத்துக்கு மட்டும் பதில் சொல்லலாம். நோய் திரும்பும்போது முதலில் குறைவது பெரும்பாலும் தூக்கம். அதற்குப்பின் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாளம் இருக்கும்: ஒருவர் கதவைச் சாத்திக்கொள்வார், ஒருவர் குளிக்க மறுப்பார். அதைக் கண்டதும் மருத்துவரிடம் போனால், பல சமயம் மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய நிலை வராமலே தடுத்துவிடலாம்.

வகுப்பில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் வேறு. காதில் கேட்ட குரல்கள் பலருக்கு மருந்தால் அடங்கிவிடும். ஆனாலும் மகன் எழாமல் படுத்தே கிடப்பான், பேச்சு குறைந்திருக்கும், எதிலும் ஆர்வம் இருக்காது. இதுவும் நோய்தான், மாத்திரைக்கு அவ்வளவு எளிதில் கட்டுப்படாத பகுதி. வீட்டில் இதற்குப் பெயர் சோம்பேறித்தனம். தண்டச்சோறு என்ற சொல் தினமும் விழுகிறது. அந்தச் சொல் என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கி, 1976-இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் தொடர்ந்த ஆய்வுகளில், ஓயாத குறைசொல்லலும் அளவு மீறிப் பொத்திப் பாதுகாப்பதும் இருந்த வீடுகளுக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அமைதியான வீடுகளில் அது மிகவும் குறைவு. பின்னர் சண்டிகரில் பார்த்தபோது, லண்டனைவிட நம் குடும்பங்களில் இந்தக் கடுமை குறைவாகவே இருந்தது. அந்தப் பொறுமை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற முதல். வகுப்பு அதைத் தொட்டு வளர்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: குறைசொல்லல் நோயைத் தூண்டலாம், உண்டாக்குவதில்லை. தாயின் வளர்ப்புதான் மனச்சிதைவுக்குக் காரணம் என்று 1940-களில் சில மனநல மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. அது தெரியாத தாய்மார்கள் இன்னும் “நான் எந்த ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சேனோ” என்று தேய்கிறார்கள். அந்தப் பாரத்தை இறக்கிவைப்பதற்காகவே ஒரு வகுப்பு நடத்தலாம்.

தெரியாமைக்கு நாம் கொடுத்த விலை பெரிது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிய வீடுகளில் இரண்டு வாழ்க்கைகள் நொறுங்கின. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் கருகினார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் பாசமற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வேறு வழி உண்டென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இன்று சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. தனக்காகப் பேச ஒருவரை நோயாளியே நியமித்துக்கொள்ளலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோய்க்கும் ஊனச் சான்றிதழ் உண்டு. சட்டம் இவ்வளவு தருகிறது என்பதும் வகுப்பில்தான் தெரியவரும்.

யார் நடத்துவது? அமெரிக்காவில் ‘நாமி’ என்ற அமைப்பு வழி காட்டியது. உளவியலாளர் ஜாய்ஸ் பர்லண்ட் 1991-இல் உருவாக்கிய அதன் இலவச வகுப்பில் பாடம் நடத்துவது மருத்துவரல்ல. வீட்டில் நோயாளி உள்ள, பயிற்சி பெற்ற இன்னொரு குடும்பத்தார். தானும் அழுதவள் சொன்னால்தான் எதிரே இருப்பவளுக்கு நம்பிக்கை வருகிறது. சென்னையிலும் இதற்கு வேர் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநல அமைப்பு வழியாகவும், குடும்பத்தாரே கூடி அமைத்த ‘ஆஷா’ வழியாகவும் பல வீடுகள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. அது சென்னையோடு நிற்கக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பள்ளி அறை, கூலி வேலையை விட்டு வருபவருக்குப் பேருந்துச் செலவு. இவை போதும் தொடங்க.

அப்பா அம்மாவோடு அண்ணன் தங்கைகளையும் கட்டாயம் அழைக்க வேண்டும். “எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பா?” என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் எழும். வங்கிக் கணக்கு யார் பெயரில், மாத்திரை யார் கையில், வீட்டில் அவனுக்கு எந்த அறை என்பதையெல்லாம் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, அவனையும் உட்காரவைத்துக்கொண்டு பேசி முடிக்கவேண்டும். வகுப்பு வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அவரைப் பார்த்துக்கொள்பவரும் அழைக்கலாம்.